கத்தி வைக்கும்போது நான் பேசியது

அய்யா,

உன் கல்யாண விருந்தன்று நீ மைக்கைக் கையில் எடுத்தபோது, பெண் வீட்டாருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். நீ என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். “எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூணு வருஷம் ஆச்சு. அன்னையிலேர்ந்து தெனம் காலையில எங்கம்மாதான் அவருக்கு ஷேவ் பண்ணி விடுறாங்க. நான் மிஷின் வாங்கிக் கொடுத்தேன், வேணாம்னுட்டாங்க. அப்பாவோட பழைய கத்தியிலயேதான் பண்ணுவாங்க. அன்புன்னா அதான் லா,” என்றாய். சுங்கை பட்டாணி மண்டபத்தில் நானூறு பேர் பிரியாணியைப் பாதியில் விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். உன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் உன் அப்பா, அன்று காலை நான் மழித்துவிட்ட முகத்தோடு பளபளவென்று உட்கார்ந்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவுக்கு வெட்கம் என்று நினைத்திருப்பாய். எனக்கு வந்தது சிரிப்பு. அதை அடக்கத்தான் குனிந்தேன்.

அன்பாவது மண்ணாவது. நான் செய்ததற்குப் பெயர் பழிவாங்கல். மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல், குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டு, நிதானமாகச் செய்தேன். உன் பேச்சை யாரோ போனில் பிடித்துப் போட்டு, நம் ஊர் திகாம் பத்து முழுக்கப் பார்த்துவிட்டார்கள். பசாரில் மீன் விற்கிற பெண்கூட என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறாள். இதற்கு மேல் எனக்குப் பொறுக்காது. அதோடு, நீ ஜொகூருக்குக் கிளம்பிப் போன அடுத்த வாரம் எனக்கு ஒன்று தெரியவந்தது. அதனால் உன்னிடம் ஒரு காரியம் கேட்க வேண்டியிருக்கிறது. அது உன் மாமாவைப் பற்றியது, என் கூடப்பிறந்தவனைப் பற்றியது. செய்வதும் செய்யாததும் உன் இஷ்டம். ஆனால் முழுவதையும் படித்துவிட்டு முடிவு செய்.

அந்தக் கத்தியை உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மடித்தால் பிடிக்குள் போய்விடுகிற சவரக்கத்தி. உன் அப்பா தோட்டத்தில் மண்டோராக ஆள் மேய்த்த காலத்தில் வாங்கியது. மற்ற ஆண்கள் எல்லாம் பிளேடுக்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை. தோட்டத்தை விட்டு இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகும் காலையில் பின்வாசல் கதவில் ஆணியில் கண்ணாடியை மாட்டி, கத்தி தீட்டுகிற தோல்வாரைக் கொக்கியில் இழுத்துக் கட்டி, பூசை மாதிரி நடக்கும். வெந்நீர் கொண்டுவந்து வைப்பது என் வேலை. வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அவர் முகத்தில் கத்தி வைத்திருக்கும்போது அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு நாள் நீ காய்ச்சலில் வாந்தி எடுத்தாய் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திரும்பினார், தாடையில் ஒரு கீறல் விழுந்தது. கத்தியை மடித்து வைத்துவிட்டு என்னை அறைந்தார். “கத்தி வெக்கும்போது பேசாதேன்னு எத்தன தடவ சொல்றது,” என்றார். உனக்கு அப்போது நாலு வயது. மறுநாளிலிருந்து அவர் கண்ணாடி முன் நின்றாலே நீ வாயில் விரலை வைத்து என்னைப் பார்த்து உஷ் என்பாய். அவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கே அந்த விரலைப் பிடித்து இறக்கியிருக்க வேண்டும்.

சவரம் ஒரு கால் மணி நேரம்தான். ஆனால் அவர் விஷயத்தில் நாள் முழுக்க முகத்தில் கத்தி இருந்த மாதிரிதான். செய்தி ஓடும்போது பேசக் கூடாது. சாப்பிடும்போது பேசக் கூடாது. ஆட்கள் வந்தால் பேசக் கூடாது. இருபத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு பேச்சைத் தொடங்கி முடித்ததாக எனக்கு நினைவில்லை. அடித்த அடிகள் கொஞ்சம்தான், அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்காமல் இருந்ததைத்தான் சொல்கிறேன்.

ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சு போனது. தண்ணி, ஆமா, வேணாம், இந்த மூன்று சொல்தான் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மலாய்க்காரப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவருக்குப் பேசத்தான் முடியாது, நாம் சொல்வதெல்லாம் புரியும், அதனால் நிறையப் பேசுங்கள் என்று சொன்னாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். அவள் சொன்னதை நான் தட்டவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அவருக்கு ஒரு விரற்கடை தாடி. சலூனில் வேலை செய்த தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இரண்டு தடவை வந்து மழித்துவிட்டார், அதற்குள் அவருக்குப் பெர்மிட் முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. போவதற்கு முன் எனக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றேன். பொம்பளைங்க இதைத் தொட மாட்டாங்கம்மா என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். மூன்று விரல் கத்தியின் முதுகில், சுண்டுவிரல் வாலில், கட்டைவிரல் அடியில். முதுகுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழைகிற சாய்வு. இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்காமல் கத்தியைத் தொடவே கூடாது. முடி சாய்ந்திருக்கிற பக்கமாகத்தான் போக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. முக்கியமாக, தோலில் வைத்த கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது, நகர்த்தினால் அது சவரம் இல்லை, வெட்டு.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. முதல் நாள் தோல்வாரில் தீட்டப் போய், கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டியதற்குப் பதிலாக வாயை முன்னால் விட்டு, வாரையே கிழித்துவைத்தேன். பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் மிஞ்சிய பலூன்களை வாங்கி வந்து, ஊதி, சோப்பு நுரை தடவி, அடுக்களையில் உட்கார்ந்து மழித்தேன். வெடிக்காமல் வழித்தெடுத்தால் பாஸ். ஒரு வாரத்தில் பதினேழு பலூன் வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் கூடத்தில் உன் அப்பா திடுக்கிடுவது எனக்குக் கேட்கும். பதினெட்டாவது பலூன் முழுசாக நின்றது. நுரையைத் துடைத்து, அதைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். நாளையிலிருந்து உங்களுக்கு நான்தான் என்றேன். அவர் அந்தப் பலூனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது நினைத்தாலும் அந்த முகம் எனக்கு இனிக்கிறது.

முதல் இரண்டு வாரம் கன்னம் மட்டும்தான். தாடையும் உதட்டு மேலும் புதுக்கைக்கு ஆகாது என்று அந்தச் சலூன்காரர் எச்சரித்திருந்தார். வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தில் போட்டு ஊறவிட்டு, சோப்பைக் குழைத்துத் தடவி, காதோரத்திலிருந்து ஆரம்பிப்பேன். வெட்டாமல் இல்லை. காது மடலில் ஒன்று, தாடை ஓரத்தில் இரண்டு. படிகாரக் கல்லை வைத்து அழுத்தினால் நின்றுவிடும், எரியும், அவ்வளவுதான். வேண்டுமென்று ஒரு தடவைகூட வெட்டவில்லை. அதை மட்டும் நீ நம்ப வேண்டும். எனக்கு ரத்தம் தேவைப்படவில்லை.

கழுத்துக்கு வந்தது மூன்றாவது வாரம். தலையை நாற்காலியில் சாய்த்து, தோலை இழுத்துப் பிடித்து, தொண்டைக் குழிக்குப் பக்கத்தில் கத்தியை வைத்தேன். அவருக்கு ஏதோ பிடிக்கவில்லை, தொண்டையில் ஒரு உறுமல் போட்டார். என் வாயிலிருந்து தானாக வந்தது: “கத்தி வெக்கும்போது பேசாதீங்க.” அவர் கண் என் மேல் வந்து நின்றது. உடம்பு அப்படியே அசையாமல் போயிற்று. அசைந்தால் வெட்டும் என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியுமே. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மனிதர் திரும்பிக்கொள்ள முடியாது, எழுந்து போக முடியாது, டிவி சத்தத்தைக் கூட்ட முடியாது. முதன்முதலாக நான் சொல்வதைக் கேட்டே தீர வேண்டும். உனக்குக் காய்ச்சல் வந்த அந்தக் காலையைப் பற்றிச் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து, விட்டுவிடாமல், முடிகிற வரைக்கும் சொன்னேன். சொல்லி முடித்தபோது கழுத்து வழுவழுவென்று ஆகியிருந்தது.

அன்றிலிருந்து தினம் ஒன்று. கையுறைத் தொழிற்சாலையில் என்னை லைன் லீடராகப் போட்டார்களே, நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அந்த வேலையை நான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்ததாகத்தான் உனக்குத் தெரியும். ஆண்கள் மேல் என் பொஞ்சாதி அதிகாரம் பண்ணக் கூடாது என்று உன் அப்பா சூப்பர்வைசரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். அதைச் சொன்ன காலையில்தான் அவர் மீசையை எடுத்தேன். சாப்பாடு ஒட்டிக்கொள்கிறது, சுத்தமாக இருக்கட்டும் என்று உன்னிடம் போனில் சொன்னேன், நீயும் கரெக்ட்மா என்றாய். முப்பத்தைந்து வருஷம் முறுக்கிவிட்ட மீசை, நாலு இழுப்பில் போய்விட்டது. கண்ணாடியை எடுத்துவந்து அவருக்குக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறக்கிற வரைக்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நீ வாங்கிக் கொடுத்த மிஷினை ஏன் பெட்டியோடு அலமாரிக்கு மேலே போட்டேன் என்று இப்போது தெரிகிறதா? மிஷின் தலையை ஆட்டினாலும் வெட்டாது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இப்போது உன் மாமா விஷயத்துக்கு வருகிறேன். இருபத்துமூன்று வருஷமாக நான் அவனோடு பேசவில்லை என்பதும், ஏன் என்பதும் உனக்குத் தெரியும். கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் என் அம்மா இறந்தபோது எனக்கு யாரும் சாவுச் செய்தி சொல்லவில்லை. இங்கிருந்து முக்கால் மணி நேர தூரம். நம் வீட்டில் அப்போது போன் கிடையாது, ஆள்தான் வந்து சொல்ல வேண்டும். மூன்றாம் நாள், தொழிற்சாலை கேட்டில் அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, அம்மா சாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுத்தான் எனக்கே தெரியும். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், “சாவுக்குச் சொல்லாதவன் வீட்டுக்கு நீ எதுக்குப் போற? உனக்கு மானம் இல்ல?” என்றார். அது ஒன்றுதான் அவர் எனக்குப் பரிந்து பேசியதாக நான் வைத்திருந்த பேச்சு. நம் ஆட்களில் சாவு சொல்லாத வீடு அறுந்த வீடு. நான் கருமாதிக்குப் போகவில்லை. தம்பி பண்டார் பாருவுக்கு வேலை மாறிப் போனான், எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. அவனுக்குப் பிள்ளைகள் பிறந்தபோது ஆள் வந்து சொன்னார்கள், அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

கல்யாணத்துக்கு முன் நீ என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாய், தாய்மாமன் இல்லாமல் எப்படிம்மா, ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று. அவன் மேடை ஏறினால் நான் மண்டபத்தில் இருக்க மாட்டேன் என்றேன். மாமன் முறைக்கு உன் அப்பாவின் ஒன்றுவிட்ட மைத்துனரைப் பிடித்து நிறுத்தினோம். அவர் உனக்கு மாலை போட்டபோது எனக்கு உள்ளே குளிர்ந்தது. என் தம்பி இதைக் கேள்விப்படுவான், அவனுக்கு வலிக்கும் என்று நினைத்துக் குளிர்ந்தது. உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

நீங்கள் ஜொகூருக்குப் போன அடுத்த வாரம், ஒரு காலையில், உன் அப்பாவுக்கு வலது பக்கம் முடித்துவிட்டு இடது தாடையில் கத்தியை வைத்தேன். சொல்ல வேண்டிய குறைகள் எல்லாம் அநேகமாகத் தீர்ந்துபோயிருந்தன. அதனால் அன்றைக்கு வெற்றிச் செய்தி சொன்னேன். என் அம்மா முகத்தைப் பார்க்கவிடாதவனை, என் மகன் கல்யாணத்தில் மாமனாக நிற்கவிடாமல் செய்தேன், என் வயிறு இன்றைக்குத்தான் ஆறியது என்றேன். மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அசையாத மனிதர் அசைந்தார். கத்தி தாடையில் இருப்பது தெரிந்தே தலையைத் திருப்பினார். வெட்டு ஒரு அங்குலம் இருக்கும், சோப்பு நுரை சிவந்துபோயிற்று. நான் துண்டை வைத்து அழுத்தினேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு வாயைக் கோணி ஏதோ சொன்னார். புரியவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார். “நா… நான். நான்… சொல்லல.”

பிறகு அரை மணி நேரம் நான் கேட்டேன், அவர் ஆமா என்றும் வேணாம் என்றும் பதில் சொன்னார். என் தம்பி வந்தானா? ஆமா. சாவு சொல்ல வந்தானா? ஆமா. கேட்டில் உங்களிடம் சொன்னானா? ஆமா. நான் எங்கே இருந்தேன்? அதற்கு அவர் நல்ல கையை நீட்டி அடுக்களையைக் காட்டினார். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. கோயில் கமிட்டிக்கு உன் அப்பாவைத் தலைவராகப் போட்டிருந்தார்கள், பன்னிரண்டு பேரை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். அவர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. நான் சாவுக்குப் போய்விட்டால் யார் ஆக்கிப் போடுவது? சாவு விழுந்த வீட்டில் எப்படி விருந்து வைப்பது? சொல்லிவிடுகிறேன், நீ போ என்று அவனை அனுப்பிவிட்டு உள்ளே வந்து, கறி வெந்துவிட்டதா என்று கேட்டார். ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்காக அய்யா. என் அம்மா பாயில் கிடந்த நேரத்தில் நான் ஆட்டுக்கறி ஆக்கி, பரிமாறி, எல்லோரும் போன பிறகு நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். எலும்பைக் கடித்துச் சாப்பிட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று அவர் அன்றைக்குச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அவர் வாயால் என்னைப் பாராட்டிய நாட்கள் அவ்வளவு குறைவு.

இடது பக்கத்தை நான் மழிக்கவில்லை. பாதி முகத்தில் நுரை காய்ந்துபோய், பாதி முகம் பளபளவென்று, அப்படியே விட்டுவிட்டு, வெட்டுக்கு மட்டும் கட்டுப் போட்டேன். பக்கத்து வீட்டு அக்காவை வந்து உட்காரச் சொல்லிவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அத்தை மகளிடம் விலாசம் வாங்கி, பஸ் மாறி மாறிப் பண்டார் பாரு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. உன் மாமா வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்து, எங்கள் அப்பாவை உரித்து வைத்த மாதிரி இருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான். கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசவே இல்லை. பிறகு அவன் பங்கைச் சொன்னான். மழையில் மோட்டாரில் வந்து சொல்லிவிட்டுப் போனது, அக்கா வரட்டும் என்று அம்மாவை எடுக்கவிடாமல் பெரியவர்களோடு சண்டை போட்டது, இருட்டப் போகிறது என்று ஆறு மணிக்கு மேல் அவர்களே தூக்கியது. கருமாதியன்றும் எனக்கு ஒரு இலை போட்டு வைத்திருந்தானாம்.

நான் அழுதேன். அவன் அழவில்லை. “அவர் சொல்லல, சரி. நீ ஒரு தடவ வந்து ஏன்டா சொல்லலன்னு என்னைய அறைஞ்சிருக்கலாமே அக்கா. இருவத்துமூணு வருஷம். ஒரு தடவ,” என்றான். நீயும் வந்து கேட்கவில்லையே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். பிறகு அவன், கல்யாணப் படம் இருக்கிறதா என்று கேட்டான். போனைக் கேட் கம்பி வழியாகக் கொடுத்தேன். உனக்கு மாலை போடுகிற படத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். மாலை போட்டவர் முகத்தை அவன் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னான்: “மாப்ள வரட்டும். பொண்ணக் கூட்டிக்கிட்டு வரட்டும், நா செய்ய வேண்டியத செய்றேன். நீ வேணாம்க்கா.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், இன்னும் மோசமாகச் சொல்லியிருப்பேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லையா? பழி வாங்குவதில் நான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன். இருபத்துமூன்று வருஷம் தப்பான ஆள் மேல் வாங்கியிருக்கிறேன், செய்தவர் பக்கத்திலேயே வெந்நீரும் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அதற்காக உன் அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவர் கழுத்தைத் திருப்பி உண்மையைச் சொன்னது பெரிய காரியம்தானே என்று நீ கேட்பாய், உனக்கு இளகின மனசு. சொல்லட்டுமே. கல்யாணத்துக்கு முதல் வாரம் திருப்பியிருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன் திருப்பியிருக்கலாம். வாய் நன்றாக இருந்த இருபது வருஷமும் இருந்தது. சோறு ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன், மருந்து கொடுக்கிறேன். ஆனால் இன்றோடு பதினோரு நாள், ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் சவர நேரத்துக்குத் தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டிக்கொண்டு காத்திருக்கிறார். ஏசினாலும் பரவாயில்லை, ஏதாவது சொல் என்கிற மாதிரி பார்க்கிறார். நான் கடந்து போய்விடுகிறேன். கத்தியைத் தொடாததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. முன்பெல்லாம் எனக்கு ரத்தம் வேண்டியிருக்கவில்லை. இப்போது என் கை மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நீ வாங்கிக் கொடுத்த மிஷினைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து நீ மழித்துவிடு, கத்தியையும் உன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடு.

உனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, அதைக் கோபமாகவே சொல்கிறேன். கல்யாணம் முடிந்து நீங்கள் இங்கே இருந்த மூன்றாம் நாள், நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது உன் மனைவி ஏதோ கேட்க வந்தாள். நீ வாயில் விரலை வைத்து உஷ் என்றாய். நாலு வயதில் செய்த அதே மாதிரி. அவள் அடுக்களைக்குத் திரும்பி வந்து, ஒன்றுமில்லை அத்தை என்று சிரித்தாள். நானும் அப்படித்தான் சிரித்தேன். அவள் விழுங்கியது எங்கேயும் போய்விடாது. அது இருக்கும், அவளும் ஒரு நாள் கேட்க வைப்பாள், அப்போது உன்னால் எழுந்து ஓட முடியாது. இன்றைக்கே அவளிடம் போய் அன்று என்ன கேட்க வந்தாய் என்று கேள். மறந்துவிட்டது என்பாள். மறந்திருக்காது, திரும்பவும் கேள்.

இனி நான் கேட்கிற காரியம். இங்கே வருவதற்கு முன் இரண்டு பேரும் பண்டார் பாருவுக்குப் போங்கள். பட்டு வேட்டியும் கூறைப் புடவையும் கட்டிக்கொண்டு போங்கள். மாமா எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள், மாலை போட்டால் கழுத்தைக் குனி, காலில் விழு. அவன் பெண்சாதி என்னைத் திட்டினால் கேட்டுக்கொள், எனக்காகப் பரிந்து பேசாதே. நான் எங்கே என்று கேட்டால் வீட்டில் இருக்கிறாள் என்று மட்டும் சொல். உங்களை உள்ளே கூப்பிடுவார்கள். கூடத்தில் என் அம்மாவின் படம் இருக்கும். நான் நின்ற கேட்டிலிருந்து அது தெரியவில்லை, எட்டி எட்டிப் பார்த்தேன், கதவு மறைத்துவிட்டது.

அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, யாராவது கேட்டாலும் பரவாயில்லை, வாய்விட்டுச் சொல். உன் மகளுக்கு அன்றைக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் கறிச்சட்டியை அடுப்பிலேயே போட்டுவிட்டு நடந்தாவது வந்திருப்பாள் என்று சொல். என் தம்பி ஒரு சேதியை ஒரு ஆண்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினான், அது என்னிடம் வந்து சேர இருபத்துமூன்று வருஷம் ஆனது. இப்போது நானும் ஒரு ஆண்பிள்ளையிடம்தான் சொல்லி அனுப்புகிறேன். விருந்து வைத்திருப்பார்கள். முதலில் இதைச் சொல், பிறகு சாப்பிட உட்கார்.

அம்மா